ஒரு கப் சூப்பும் ஒரு பெட்டி தக்காளியும்

'ஒன் பை டூ' என்கிற தத்துவத்தை முதன்முதலில் கண்டுபிடித்த மகானுக்குக் கோயமுத்தூரில் ஒரு சிலை வைக்கலாம். ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லோரும் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம். (சிலையும் ஒன் பை டூதான். இடுப்பு வரைக்கும் போதும்.)

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். நானும் நண்பனும் காந்திபுரத்தில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்திருந்தோம். என்னைப் பற்றி ஒரு வரி: பி.காம். பகலில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டுக்குமே கொஞ்சம் கற்பனை தேவைப்படுகிறது. வெளியே குளிர். உள்ளே ஏ.ஸி. குளிருக்கு இதமாக எதையாவது குடிக்கலாம் என்று ஏ.ஸி. ரூமுக்குள் போய் உட்காருகிற ஒரே பிராணி மனிதன்தான்.

"டொமேட்டோ சூப், ஒன் பை டூ" என்றோம்.

சர்வர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். 'இதுகளுக்கு அப்புறம் என்ன, ஒரு ப்ளேட் இட்லி, ரெண்டு சாம்பாரா?' என்பது போல ஒரு பார்வை. சூப் வந்தது. செக்கச்செவேல் என்று, பசை மாதிரி கெட்டியாக. மேலே நாலு பொரித்த ரொட்டித் துண்டுகள், கப்பல் கவிழ்ந்து மிதக்கிறவர்கள் போலத் தத்தளித்துக்கொண்டிருந்தன. ஆளுக்கு ரெண்டு பேராகக் காப்பாற்றினோம். பில்: சூப் 80 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்தேன். ஜன்னல் ஷட்டர் பாதியில் நிற்கிற ஸீட்தான் எனக்கு எப்போதும் வாய்க்கும். ஈச்சனாரி தாண்டியதும் காற்று காதுக்குள் புகுந்தது. ஒத்தக்கால்மண்டபம் வருவதற்குள் குடித்த சூப்பின் சூடெல்லாம் போயே போச்சு. கிணத்துக்கடவில் இறங்கி வீட்டுக்குப் போனால், அப்பா திண்ணையில் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு 'கொக்கு கொக்கு' என்று இருமிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"டவுன்ல சூப் குடிச்சேனுங்கப்பா."

"என்ன சூப்பு?"

"தக்காளி சூப்பு."

"எவ்வளவு?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. "எம்பது ரூவாங்க" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று காலையில் எங்கள் காட்டுத் தக்காளியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். பெட்டி 70 ரூபாய்க்குப் போயிருந்தது. ஒரு பெட்டி என்றால் பதினாலு, பதினஞ்சு கிலோ.

"அப்ப ஒரு பெட்டி தக்காளியக் குடிச்சுப்போட்டு வந்திருக்கறே" என்றார்.

"ஒன் பை டூதானுங்கப்பா. அரைப் பெட்டி" என்றேன். ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

* * *

கிணத்துக்கடவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பொன்மலை வேலாயுதசாமி கோயில் ஞாபகம் வரும். விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் தக்காளி மார்க்கெட்தான் ஞாபகம் வரும். சுற்று வட்டாரத் தோட்டத்துப் பழமெல்லாம் இங்கே வந்து ஏலம் போகும். கேரள வியாபாரிகள் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். விலை மட்டும் பரமபத சோபானம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடு முழுக்க அதே பேச்சு. தக்காளி வைத்திருந்தவன் நகை வைத்திருந்தவன் மாதிரி நடந்தான். அதைப் பார்த்து எல்லோரும் நாற்று நட்டார்கள். எல்லோர் காட்டிலும் ஒரே சமயத்தில் பழுத்தது. கொஞ்ச நாளிலேயே விலை பாம்பின் வாய்க்குள் போய்விட்டது. பருத்தியாக இருந்தால் நல்ல விலை வருகிற வரைக்கும் மூட்டை கட்டி வைக்கலாம். பழுத்த தக்காளி அப்படிக் காத்திருக்காது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். பி.காம். புத்தி. ஒரு பெட்டியில் இருநூறு பழத்துக்குக் குறையாது. ஒரு கப் சூப்புக்கு மூணு பழம் தாராளம். ஆக, பெட்டிக்கு அறுபத்தைந்து கப். அறுபத்தைந்தை எண்பதால் பெருக்கினால் 5,200 ரூபாய். இந்தப் பக்கம் அப்பாவுக்கு 70. அதிலும் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் போனால் மிச்சம் இருப்பது இருமல் மட்டும்தான்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஓட்டல்காரரைத் திட்டுவது சுலபம். அவருக்கு வாடகை, காஸ், கரண்ட், ஏற இறங்கப் பார்க்கிற சர்வருக்குச் சம்பளம் என்று எத்தனையோ. அவரை யாரும் சூப் விற்கக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் கிணத்துக்கடவுத் தக்காளிக்காரன் மகன் எண்பது ரூபாய் கொடுத்து அதைக் குடிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு மறுநாள் சாயங்காலமே பதில் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு தூங்கினேன்.

* * *

அம்மா தாராபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அதாவது, சமையலறையில் தட்டிக்கேட்க ஆள் இல்லை.

தக்காளியை வேகவைத்தேன். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் கொட்டி, மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். அடுத்த வினாடி நடந்ததைப் போலீஸார் பார்த்திருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்திருப்பார்கள். மூடி பரணில். சுவர், ஸீலிங், காலண்டரில் இருந்த முருகன், எல்லோர் மேலும் தக்காளி. (சூடான குழம்பை மிக்ஸியில் போட்டுச் சுற்றினால் உள்ளே கிளம்புகிற ஆவிக்குப் போக்கிடம் இல்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நல்லவேளை, முகத்தில் படவில்லை. நன்றாக ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும் என்று எந்த சமையல் புத்தகக்காரரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.)

மிச்சம் இருந்ததை அடுப்பில் வைத்து, கெட்டியாக வேண்டுமே என்று கார்ன்ஃப்ளவர் மாவை அப்படியே தூவினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாக உருண்டுகொண்டது. பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்க வேண்டும். சரி, 'க்ரீம் ஆஃப் டொமேட்டோ' என்று மெனு கார்டில் போடுகிறார்களே என்று ஒரு டம்ளர் பாலையும் ஊற்றினேன். தக்காளிப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் என்ன ஆகும்? திரிந்து, பன்னீர் கட்டிய மாதிரி ஆகிவிட்டது.

சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார். ஸீலிங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தீபாவளிக்குத்தான வெள்ளையடிச்சோம்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குடா இத்தன பாடு? உங்க அப்பத்தா மார்கழி மாசத்துல பருப்புத் தண்ணியில தக்காளியக் கரைச்சு, மொளகு சீரகம் தட்டிப் போட்டுக் குடுக்குமே, அதுதான இது? சித்த அக்கட்டால நகரு" என்றார்.

நான் நகர்ந்தேன். முப்பத்தஞ்சு வருஷத்தில் அப்பா அடுப்பைப் பற்ற வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

* * *

அப்பா சொன்னதில் சரித்திரமே இருக்கிறது. வெள்ளைக்காரன் மதராஸுக்கு வந்து உட்கார்ந்து, 'சாப்பாட்டுக்கு முன்னால் சூப் கொண்டா' என்று கேட்டிருக்கிறான். நம் சமையல்காரர்களுக்கு சூப் தெரியாது. மிளகுத்தண்ணி தெரியும். அதில் கொஞ்சம் கறியும் வெங்காயமும் சேர்த்து வைத்தார்கள். துரைக்கு அது பிடித்துப்போய், வாய்க்கு வந்தபடி 'முல்லிகடானி' என்று பெயர் வைத்துவிட்டார். 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்கிற ஆங்கிலோ-இந்திய அகராதியில் இது 'மிளகுத்தண்ணீர்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று பதிவாகியிருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு 'முல்' என்றே பட்டப்பெயர் இருந்ததாம். ஆபீஸில் பட்டப்பெயர் வைக்கிற வழக்கம் நாம் ஆரம்பித்ததல்ல என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

வேடிக்கை என்னவென்றால், மிளகு நம்முடையது. தக்காளி நம்முடையது இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. காரட், கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் நம் ஊரில் இன்னமும் 'இங்கிலீஷ் காய்'தான். 1820-களில் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் இப்படிப்பட்ட சீமைக் காய்களைப் பயிர் பண்ணிப் பார்த்தார். இன்றைக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலையிலிருந்து காரட்டும் உருளையும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. ஆக, நம் வீட்டு சூப்பில் மலையும் சமவெளியும், சீமையும் தென்னமெரிக்காவும் ஒன்றாகக் கொதிக்கின்றன. இதை அப்பாவிடம் சொன்னேன். "உப்புப் போட்டியா?" என்றார்.

* * *

இனி விஷயத்துக்கு வருவோம். மூணு பேருக்கு, ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் கணக்கு.

நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி அரைக் கிலோ. இங்கே ஒரு சங்கதி. மார்க்கெட்டில் 'லோடு தாங்காது' என்று கழித்துப் போடுகிற, விரல் பட்டால் அமுங்குகிற பழம் இருக்கிறதே, சூப்புக்கு அதுதான் முதல் தரம். (அழுகல் அல்ல. பூஞ்சை பிடித்ததைத் தொடாதீர்கள்.) 1908-ல் ஜப்பானில் இகேடா என்ற புரொபஸர் கடல்பாசிச் சாற்றில் இருக்கிற ருசி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து, குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். அஜினமோட்டோ அங்கே பிறந்ததுதான். அதே குளுட்டமேட் தக்காளியில் இயற்கையாகவே இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் கூடுகிறது. எனவே தோல் தடித்த, அடித்தாலும் உடையாத பெங்களூர்த் தக்காளியை வாங்கி அதில் அஜினமோட்டோவைப் போடுவதைவிட, கனிந்த பழத்தை வாங்கிப் பேசாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

காரட் ஒன்று, பீன்ஸ் ஏழெட்டு, சுரைக்காய் ஒரு துண்டு. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பெரிய வெங்காயம் போட்டால் குடி முழுகிவிடாது, ஆனால் கொங்கு நாட்டில் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பூண்டு நாலு பல், இஞ்சி அரை விரல். பாசிப்பருப்பு ரெண்டு டேபிள்ஸ்பூன். கெட்டி கொடுப்பதற்கு இதுதான். கார்ன்ஃப்ளவர் வேண்டவே வேண்டாம். கொத்தமல்லித் தழையை எல்லோரும் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் போடுகிறார்கள். வாசனை தண்டில்தான். அதையும் போடுங்கள்.

குக்கரில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு, இஞ்சி. வெங்காயம் நிறம் மாறும்வரை பொறுமை. இந்த மூணு நிமிஷத்தில்தான் நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள் செல்ஃபோனைப் பார்க்கப் போய், கருக வைப்போம். அப்புறம் தக்காளியை நாலாக வெட்டிப் போட்டு, அது குழைந்ததும் காய்கள், கழுவிய பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். மூணு விசில். (எண்ணெய் எதற்கு என்று கேட்கிற டயட்காரர்களுக்கு: தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் என்ற சத்து, வெந்து, கொஞ்சம் எண்ணெயும் கூட இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.)

பிரஷர் தானாக அடங்கட்டும். அடங்கியதும் ரெண்டு கரண்டி காயைத் தனியாக எடுத்து வையுங்கள், கடித்துக்கொள்ள. மிச்சம் நன்றாக ஆறட்டும். எங்கள் வீட்டு முருகனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறியபின் அரைத்து, பெரிய கண் சல்லடையில் வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஒரு கொதி. கெட்டியாகத் தெரிந்தால் வெந்நீர் விடலாம். சல்லடையில் நிற்கிற சக்கையை எறியாதீர்கள். ரெண்டு மிளகாயும் உப்பும் சேர்த்து வதக்கினால் ராத்திரி தோசைக்குத் தொக்கு.

கடைசியில் மிளகும் சீரகமும் ஆளுக்கு ஒரு டீஸ்பூன். இங்கேதான் அப்பா எனக்கு நேரடிப் பயிற்சி கொடுத்தார். கடையில் விற்கிற மிளகுத் தூளை அவர் மோந்து பார்த்துவிட்டு, "இது செத்துப்போயி ஆறு மாசம் ஆச்சு" என்று மரண சர்ட்டிபிகேட் கொடுத்தார். முழு மிளகைச் சூடான வாணலியில் ஒரு நிமிஷம் புரட்டி, இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டி, அடுப்பை அணைக்கிற சமயத்தில் போட வேண்டுமாம். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் நிற்கும், மணம் ஆவியோடு போய்விடும். எடுத்து வைத்த காயையும் கொத்தமல்லியையும் போட்டு, மூடி, ரெண்டு நிமிஷம் கழித்துக் குடிக்க வேண்டியதுதான்.

செலவு? தக்காளியை மார்க்கெட் விலைக்கே போட்டால் ரெண்டரை ரூபாய். மற்ற காய், பருப்பு, மிளகு, எண்ணெய், காஸ் எல்லாம் தாராளமாகச் சேர்த்தாலும் முப்பது ரூபாயைத் தாண்டவில்லை. டம்ளர் பத்து ரூபாய். சர்வர் பார்வை இலவசம் - அப்பா பார்த்துக்கொள்வார்.

* * *

எங்கள் ஊரில் குளிர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு ஒரு வாசல் திறந்து வைத்த மாதிரி, அதன் வழியாக ஆனி, ஆடியில் சிலுசிலு என்று காற்றும் சாரலும் வரும். மார்கழி, தையில் பனி. ரெண்டு சமயத்திலும் முதலில் பிடித்துக்கொள்வது மூக்கு.

சூப் குடித்தால் சளி போய்விடுமா? நம்மூரில் இதற்குப் பதில் சொல்லாத பெரியவர் கிடையாது. 2008-ல் பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், ஜலதோஷம் பிடித்த முப்பது பேருக்கு ஒரு பழ பானத்தைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். கருவி வைத்து அளந்தால் மூக்கு வழியாகப் போகிற காற்றில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, களைப்பு எல்லாம் குறைந்தது என்றார்கள். அதாவது வியாதி அப்படியே இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார். எனக்கு அது போதும்.

அப்பாவுக்கும் போதும் என்று விட்டுவிடவில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைப் பரிசோதிக்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லாமலே பார்ப்பார்கள். கூட்டிக்கொண்டு போனேன். பயப்படும்படி எதுவும் இல்லை. "சூப்புலயே செரியாயிருக்கும், ஒரு நாள் வேல கெட்டுது" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முணுமுணுத்தார்.

ரூமில் தங்கியிருக்கிற பிரம்மச்சாரிகள், குக்கருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் போதும். அரைக்க மிக்ஸி இல்லையா? வெந்ததைப் பருப்பு மத்தால் கடைந்துவிடுங்கள். காய் வெட்டச் சோம்பலா? கொள்ளு இருக்கிறது. ராத்திரி ஊறவைத்து, காலையில் ஆறேழு விசில் விட்டு, அந்தத் தண்ணீரை வடித்து, தக்காளி ரெண்டு, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் கொள்ளு ரசம். சூப்பும் அதுதான், ரசமும் அதுதான், கிளாஸில் ஊற்றினால் சூப், சோற்றில் ஊற்றினால் ரசம். வெந்த கொள்ளைக் கடைந்து சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே அடுப்பில் ரெண்டு அயிட்டம். கொல்லிமலைப் பக்கம் போனால் முடவாட்டுக்கால் என்று ஒரு கிழங்கு விற்பார்கள். ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும். அதில் சூப் வைப்பார்கள். ஆட்டைத் தொடாமல் ஆட்டுக்கால் சூப் குடித்த திருப்தி.

பாக்கெட் சூப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பாக்கெட்டைத் திருப்பி, சோடியம் எவ்வளவு என்று மட்டும் படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தமாகவே ரெண்டு கிராம் சோடியத்துக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

* * *

அந்த வாரக் கடைசியில் விலை இன்னும் இறங்கியது. பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டாது என்று மூணாவது பறிப்பை அப்பா விட்டுவிட்டார். காட்டில் ஆடுகளை விட்டார்கள். அப்பா வரப்பில் உட்கார்ந்து அவை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஆடுகளுக்குப் போட்டியாக இறங்கினேன். பழுத்ததாகப் பார்த்து ஒரு வாளி.

ஞாயிற்றுக்கிழமை, என் ஒன் பை டூ கூட்டாளி வீட்டுக்கு வந்தான். சூப் வைத்தேன். இந்தத் தடவை ஸீலிங் தப்பித்தது. கை பழக்கம், என்னையறியாமல் அவனுக்கு அரை டம்ளர், எனக்கு அரை டம்ளர் என்று ஊற்றிவிட்டேன்.

திண்ணையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதென்னடா அரை டம்ளரு? நம்ம காட்டுத் தக்காளி. வந்த புள்ளைக்கு ரொப்பி ஊத்து" என்றார். அப்புறம் தன் டம்ளரையும் நீட்டினார்.